பின்கட்டில் பிறந்ததாக நான் சொன்ன மொழி

ஒரு பெண் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. அவள் பேசிய பேச்சைப் புது மொழி என்று நான் எழுதினேன். எழுதியபோது எனக்குத் தெரியாது. எழுதியதை மேடையேறி வாசித்தபோது தெரியும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் பக்கத்து நியாயங்கள் சில வந்து விழும். அவற்றை நியாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது எப்படி நடந்தது என்பதற்கான விவரம், அவ்வளவுதான்.

நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நாகலாபுரம் பக்கம் மழையை நம்பி மிளகாயும் கம்பும் போட்ட குடும்பம். என் முன்னோர்கள் எப்போது இந்தக் கரிசலுக்கு வந்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மேல்படிப்புக்குப் போன ஊரில் என் அப்பா ஒருமுறை விடுதிக்கு வந்தார். அவரிடம் நான் பேசிக்கொண்டிருந்ததை ஆந்திராவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் கேட்டுவிட்டு, அது என்ன பாஷை என்று விசாரித்தான். தெலுங்கு என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் தமிழ்ப் பையன்கள். அவர்களுக்கு என் தமிழும் சிரிப்புத்தான். அப்பா தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

அந்தப் படிப்பில் மொழியியல் ஒரு பாடம். அதில்தான் பிட்ஜின், கிரியோல் என்ற சொற்களை முதலில் கேட்டேன். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத ஆட்கள் துறைமுகத்திலோ கரும்புத் தோட்டத்திலோ சேர்ந்து வேலை செய்ய நேர்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் சொல்லைப் போட்டு, விகுதியெல்லாம் உதிர்த்து, வேலை நடக்கிற அளவுக்கு ஒரு பேச்சை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அது பிட்ஜின். அது யாருக்கும் தாய்மொழி அல்ல. வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது. ஆனால் அந்த ஆட்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அந்த அரைகுறைப் பேச்சையே முதல் பேச்சாகக் கேட்டு வளர்ந்தால், பிள்ளைகள் அதை முழு மொழியாக்கிவிடுகிறார்கள். இல்லாத இலக்கணத்தைத் தாங்களே போட்டு நிரப்புகிறார்கள். அது கிரியோல். நம் பக்கத்திலிருந்து கப்பலேறி மொரீஷியசுக்குப் போன கூலிகளின் பேரப் பிள்ளைகள் இன்று பேசுவது அப்படியொரு மொழிதான்.

அது எங்கிருந்து முளைக்கிறது என்பதில் சண்டை உண்டு. பழைய மாலுமிகளின் ஒரே பேச்சுத்தான் துறைமுகம் துறைமுகமாகப் போய் வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டது என்று ஒரு கட்சி. தோட்ட முதலாளியின் மொழியைத் தப்பும் தவறுமாகக் கற்றதன் மிச்சம் என்று ஒரு கட்சி. இல்லை, குழந்தையின் மூளைக்குள்ளேயே ஒரு அச்சு இருக்கிறது, கேட்பது எவ்வளவு உடைந்ததாக இருந்தாலும் அந்த அச்சில் வார்த்து எடுத்துவிடும் என்று இன்னொரு கட்சி. நான் மூன்றாவது கட்சி. என்னைப் பார்த்து விடுதியே சிரித்த பிறகு, கலப்பு என்பது கேவலமில்லை, அதுதான் ஆரம்பம் என்று சொல்லும் எந்தக் கட்சியிலும் நான் சேர்ந்திருப்பேன்.

ஆனால் ஒரு மொழி பிறப்பதை யாரும் கிட்ட இருந்து பார்த்ததில்லை. எல்லாம் பிறந்து வளர்ந்த பிறகு எழுதியவை. வேலையில் இருந்த காலம் முழுவதும் நன்னூலும் தேர்வுத்தாளுமாகப் போய்விட்டது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு கட்டுரைகூட என் பேரில் கிடையாது. ஓய்வு பெற்ற வருஷம் கல்லூரியில் ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையும் அடுப்படியும் தனி வாசலோடு உண்டு. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் அங்கே ஒரு தம்பதி குடி வந்தார்கள். இரண்டு பேருக்கும் பக்கத்து நூல் மில்லில் வேலை. அவள் விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பெண். அவன் ஒரிசாக்காரன். அப்போதுதான் மில்களுக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் ஒரிசா, பீகார் என்றெல்லாம் பிரிக்க மாட்டார்கள், எல்லாரும் இந்திக்காரர்கள். இந்திக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். குழந்தை பிறந்தபோதுகூட யாரும் வந்து பார்க்கவில்லை. அவளுக்கு யோசனை கேட்க வேண்டுமென்றால் இருந்த பெரிய ஆள் நான் ஒருவன்தான்.

அவர்கள் பேச்சு என் சன்னலுக்கு நேராகக் கேட்கும்.

“பானி புடிச்சாச்சா?”

“பானி நஹி. குழாய் பந்த்.”

“பந்த்துன்னா லாரித் தண்ணி லாவ். நான் ஷிப்டுக்குப் போறேன்லா?”

“ஷிப்ட் தும். பேபி மே. டீக்.”

“டீக்காம் டீக்கு. போன தடவ மாதிரி பேபிய மடியில போட்டுக்கிட்டுத் தூங்கிராத.”

தண்ணீர் வரவில்லை, நீ ஷிப்டுக்குப் போ, பிள்ளையை நான் பார்க்கிறேன், சரி என்று அவன் மில்லில் பழகிய இந்தியில் சொல்கிறான். நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். புத்தகத்தில் படித்தது என் பின்கட்டில் குடியிருந்தது.

இங்கே மில்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூல் முறுக்கும் ரிங் பிரேம் எந்திரங்கள் ஓடும் பகுதியில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அங்கே வேலை செய்கிறவர்கள் பாதிக்கு மேல் கையால்தான் பேசிக்கொள்வார்கள். விரல்களைத் திரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. மீசையை முறுக்கிக் காட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். கன்னத்தில் உள்ளங்கையை வைத்தால் உடம்புக்கு முடியவில்லை. வெளியே வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகாது. சத்தமாகப் பேசுவார்கள், கையும் கூடவே ஆடும். “அண்ணாச்சி, மெதுவா பேசுங்க, ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கவன் திரும்பிப் பாக்கான்” என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். பாஷை ஒன்றாக இருக்கிறவர்களுக்கே அப்படி. இவர்கள் இரண்டு பேருக்கும் பாஷையும் வேறு. வீட்டுக்குள்ளும் உரத்த குரலும் கையுமாகத்தான் குடித்தனம் நடந்தது. அந்தச் சத்தத்திலும் கையிலும்தான் குழந்தை வளர்ந்தாள். கையைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முகத்தை இமைக்காமல் பார்ப்பாள். வேறு வீடாக இருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த வீட்டில் அது தெரிய வழியில்லை.

இருந்தும் தாய்க்குச் சந்தேகம் தட்டியது. குழந்தைக்கு இரண்டு வயது ஆகப்போகிற சமயம், ஒருநாள் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

“சார், இவ கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கா. எதுத்த வீட்டுப் பிள்ள இவளவிடச் சின்னது, கதையா அளக்குது. இவ ‘ஆ’ ‘ஊ’ன்னுதான் இருக்கா. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு ஒருக்க கூட்டிட்டுப் போயிட்டு வந்திரட்டுமா?”

“ஏம்மா, ஒங்க வீட்ல எத்தன பாஷை? தமிழு, ஒரியா, இந்தி, நடுவுல இங்கிலீஷு. பிள்ளை எதைப் பிடிக்கும்? இப்படி வீட்ல பிள்ளைங்க லேட்டாத்தான் வாயத் திறக்கும். திறந்தா எல்லாத்தையும் சேத்துப் பேசிரும்.”

“அப்படிங்கியளா?”

“மில்லுல சங்கு ஊதினா என்ன செய்யுதா?”

“வாசலுக்கு ஓடுதா. அப்பா வருவாவன்னு.”

“காது கேக்காத பிள்ளை சங்குக்கு ஓடுமா?”

அவள் முகம் தெளிந்துவிட்டது. “நான் ஒரு கோட்டிக்காரி சார். ராத்திரியெல்லாம் தூங்காம அதையே நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்” என்று சிரித்தாள். குழந்தையும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

சங்கின் ஓசை அந்தக் காதுக்கும் எட்டும். மனிதர் பேசுவது எட்டாது. இதைப் பிறகு டாக்டர் சொன்னார். அன்று நான் டாக்டர் வேலை பார்த்தேன்.

அத்தோடு நிறுத்தவில்லை. பால்வாடிக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். அங்கே போனால் எல்லாப் பிள்ளைகளையும்போலத் தமிழ் வந்துவிடும், என் கிரியோல் போய்விடும். இதை அவளிடம் சொல்லவில்லை. “பால்வாடியில கண்ட கண்ட சளி, காய்ச்சல். பகல்ல நாங்க பாத்துக்கிடுதோம், நீ நிம்மதியா ஷிப்டுக்குப் போ” என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

என் மனைவியிடம் வேறொன்று சொன்னேன். குழந்தையிடம் தமிழிலும் பேசாதே, தெலுங்கிலும் பேசாதே. நம் சொல் ஒன்று விழுந்தாலும் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

“பேசாம எப்படிச் சோறு ஊட்டுறது?” என்று அவள் கேட்டாள். நாங்கள் பேசியது தெலுங்கில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“கையைக் காட்டு. போதும்.”

“கலியாணமான நாளா எங்கிட்டயும் அப்படித்தான இருக்கீங்க. எனக்குப் பழக்கந்தான்.”

அப்படியே செய்தாள். பிள்ளைகளை வளர்த்தவள், பேசியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். கூப்பிட்டு, திரும்பாததைப் பார்த்து, இரண்டாம் முறை கூப்பிட்டிருப்பாள். அந்த வழியையும் நானே அடைத்தேன்.

இரண்டு வருஷம் பகல் முழுவதும் குழந்தை எங்கள் வீட்டில். நான் டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். அவளுக்குச் சொற்கள் வந்தன. சாப்பாட்டுக்கு ‘ஆப்பா’. தண்ணீருக்குப் ‘பாஇ’. சொல்லின் வால்கள் இல்லை. ச, ஷ, ஸ என்ற ஓசைகள் அறவே இல்லை, தமிழ்ச் சொல்லிலும் இல்லை, இந்திச் சொல்லிலும் இல்லை. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கை அசைவு இருந்தது. சில அசைவுகள் மில்லில் உள்ளவை, சில அவளே உண்டாக்கியவை. இரண்டு அசைவைச் சேர்த்து மூன்றாவது ஒன்றைச் சொல்வாள். அப்பாவைக் காட்டி, கன்னத்தில் கை வைத்து, கதவை மூடுவதுபோல் காட்டினால், அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே. யாரும் சொல்லிக்கொடுக்காதது. மூன்று மொழிகளிலிருந்தும் ஒரே ஓசைகளை உதறி, கையையும் வாயையும் ஒரே இலக்கணத்தில் கோத்து ஒரு புது மொழி எழுகிறது என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கெட்டிக்காரி. காதில் விழாததை எல்லாம் கையால் ஈடுகட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த ஈடுகட்டலைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன்.

தெற்கே ஒரு நகரத்தில் நடந்த கருத்தரங்குக்குக் கட்டுரையின் சுருக்கத்தை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. வாசிக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மழைக்காலம், சீக்கிரமே இருட்டிவிட்டது. அவன் மில்லில் இருந்தான். அவளுக்கு மெழுகுவத்தி வேண்டுமா என்று கேட்கப் பின்கட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே ஸ்டவ்வின் நீலச் சுடர் மட்டும். கஞ்சி கொதிக்கிற சத்தம்.

“ஏட்டி, அங்கனயே நில்லு. இங்கன வராத. கஞ்சி கொதிச்சிட்டுக் கெடக்கு.”

சின்னக் காலடிச் சத்தம் அடுப்பைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது.

“ஏட்டி, சொல்லுதேன்லா! நில்லுட்டி!”

பகலில் அந்தக் குரலோடு கையும் எழுந்திருக்கும். இருட்டில் குரல் மட்டும்தான் இருந்தது. காலடி நிற்கவில்லை. பாத்திரம் உருண்டது. பிறகு அலறல். முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. நான் உள்ளே ஓடிக் குழந்தையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினேன். தாய் அழுதுகொண்டே, “இருட்டுல பயந்து எங்கிட்ட ஓடியாந்திருக்கா சார், கிறுக்கச்சி” என்றாள். நான் ஆமாம் என்றேன். ஆனால் ‘நில்லு’ என்ற குரலுக்கு அந்தக் காலடி தயங்காததை நானும் கேட்டிருந்தேன்.

மறுநாள் பகலில் சோதித்தேன். குழந்தை கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று அவள் பெயரைச் சொன்னேன். அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கிட்டப் போய்ச் சொன்னேன். ‘ஆப்பா’ என்றேன், ‘பாஇ’ என்றேன். அவளுடைய சொற்களையே அவளுடைய முதுகுக்குச் சொன்னேன். அடுக்கிக்கொண்டிருந்தாள். பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். அப்போது திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, தாம்பாளத்தைக் காட்டி, விழுந்துவிட்டது என்று கையால் சொன்னாள்.

அன்றே பின்கட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும்: ஆஸ்பத்திரிக்குப் போ. தட்டவில்லை. நான் கெட்ட எண்ணத்தோடு முடிவெடுத்தேன் என்று சொன்னால்கூட ஒரு கம்பீரம் இருக்கும். அப்படி எதுவும் இல்லை. கருத்தரங்கு முடியட்டும் என்று மட்டும் நினைத்தேன். இரண்டு வருஷம் போயிருக்கிறது, இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த வயதில் ஒவ்வொரு மாதமும் பேச்சு எவ்வளவு வேகமாக உள்ளே இறங்கும் என்று வகுப்பில் நடத்தியவன் நான்.

கருத்தரங்கில் நன்றாகப் பேசினேன். ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெரிய கூடத்தில் ‘ஆப்பா’ என்ற குரல் ஒலிபெருக்கியில் எழுந்தபோது எல்லாரும் நிமிர்ந்தார்கள். முடித்ததும் பின்வரிசையிலிருந்து மெலிந்த ஒரு பெண்மணி எழுந்தார். பேச்சுக்குறை உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறவர் என்று சொல்லிக்கொண்டார். மிகவும் தன்மையாகத்தான் கேட்டார்.

“குழந்தையின் காது சோதிக்கப்பட்டிருக்கிறதா?”

தப்பிக்க எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. இல்லை என்று சொல்லியிருந்தால், உடனே பாருங்கள் என்று அவர் சொல்லியிருப்பார். நான் அவமானப்பட்டுக் கீழே இறங்கியிருப்பேன், ஊருக்கு வந்திருப்பேன், காரியம் நடந்திருக்கும்.

“சோதித்தாகிவிட்டது. குறை எதுவும் இல்லை” என்றேன்.

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டில் இரண்டு பேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கட்டுரை பிறகு ஒரு தொகுப்பில் அச்சாயிற்று. நான் அதைத் திரும்பப் பெறவில்லை.

ஊருக்கு வந்தால் சொல்லலாம் என்று இருந்தவன், ஊருக்கு வந்ததும் சொல்ல முடியாதவனாகிவிட்டேன். இப்போது சொன்னால் மேடையில் சொன்னது பொய் என்றாகும். இரண்டு மாதம் என்று நினைத்தது ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. பகலில் குழந்தை வருவாள். டேப்ரிக்கார்டரை எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவள் அதை எடுத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். அதுதான் விளையாட்டு என்று பழகியிருந்தாள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போன அன்றே டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பெரியாஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். பிறவிக் குறை. இரண்டு காதிலும். கருவி வைக்கலாம், ஆனால் இரண்டு வயதில் வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் இந்நேரம் மற்றப் பிள்ளைகளைப்போலப் பேசியிருப்பாள், இனி அவ்வளவு எதிர்பார்க்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று திட்டினாராம்.

“நான் அப்பமே வாரேன்னுதான் சார் இருந்தேன். படிச்சவிய ஒருத்தர் ஒண்ணுமில்லன்னு சொன்னாவன்னு டாக்டர்ட்டச் சொன்னேன். ‘எந்தப் படிச்சவன், எங்கிட்டக் கூட்டிட்டு வா’ன்னு அந்த டாக்டர் குதிச்சாரு. நான் ஒங்க பேரச் சொல்லல” என்றாள் அவள், என் வீட்டு முன்வாசலில் நின்று.

அவன் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அதிகம் பேசாதவன். என்னைப் பார்த்துக் கேட்டான்.

“சார். ஆப் மாலூம்? முன்னாடி மாலூம்?”

உங்களுக்குத் தெரியுமா, முன்பே தெரியுமா என்று கேட்டான். என் கட்டுரையில் இருந்த அதே பேச்சில் கேட்டான்.

“தெரியாதுப்பா” என்றேன்.

என் மனைவி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, “தாம்பாளத்தக் கீழ போட்டீங்களே ஒரு நாள். எதுக்குப் போட்டீங்கன்னு எனக்கு இப்பத்தான் விளங்குது” என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் இன்றுவரை தொடர்கிறது.

கொஞ்ச நாளில் அவர்கள் மில்லுக்குப் பின்னால் வேறு வீடு பார்த்துப் போனார்கள். குழந்தையைப் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தாயைப் பார்த்தேன். கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் பார்க்கலாம், அதற்குப் போகிறேன் என்றாள். “வருதீங்களா சார்?” என்று அவளே கேட்டாள். அவள் அப்போதும் என்னை முழுதாக வெறுக்கவில்லை. நான் தெரியாமல் செய்ததாகத்தான் நம்பியிருந்தாள். வழியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கூடப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கயத்தாறு தாண்டியது, கங்கைகொண்டான் தாண்டியது. என் வாய் திறக்கவில்லை.

பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். சத்தமே இல்லாத இரைச்சல். நூற்றுக்கணக்கான கைகள் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. நம் குழந்தை, ஏழு வயதுப் பெண், நாலைந்து பேருக்கு நடுவில் நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நாய் ஒன்று எதையோ கவ்விக்கொண்டு ஓடுகிறது, யாரோ துரத்துகிறார்கள், வழுக்கி விழுகிறார்கள். அவ்வளவு வேகம். எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் அவள் கையில் நான் பார்த்தது இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கை பெரிய பிள்ளைகளின் கையைவிட வேகமாகவும் சுருக்கமாகவும் இருந்தது. ஆசிரியர்கள் காட்டிய அசைவுகள் வேறு, பிள்ளைகள் தங்களுக்குள் போட்டவை வேறு. இங்கேதான் அது நடக்கிறது என்று நினைத்தேன். ஒரு மொழி நிஜமாகவே பிறந்துகொண்டிருக்கும் இடம். எதற்காக வந்தேன் என்பது மறந்துபோயிற்று. சட்டைப் பையிலிருந்து பேனாவையும் பஸ் டிக்கெட்டையும் எடுத்திருந்தேன். டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தேன்.

“சார்.”

தாய் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கனயுமா சார்?”

நான் டிக்கெட்டைக் கசக்கினேன். அப்போதுதான் வாய் திறந்தது. வெட்கத்தில் திறந்ததே தவிர, மனம் திருந்தித் திறக்கவில்லை.

“எனக்கு முன்னாலயே தெரியும்மா.”

“என்னது?”

“காது. கரண்ட் போயிக் கால் வெந்துச்சே, அதுக்கு மறுநாளே தெரியும். ஒங்கிட்டச் சொல்லல. ஒங்க வீட்டுக்காரர் கேட்டப்பவும் தெரியாதுன்னு சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் காலில் கிடப்பதைக் கழற்றுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

“அப்பம் அவளுக்கு நாலு வயசு” என்றாள். பிறகு, “பள்ளிக்கூடத்துல சேக்குற வரைக்கும் எங்க கூடயே இருந்திருக்கீங்க. தெனமும் பாத்திருக்கீங்க” என்றாள். குரல் உயரவில்லை. மில்லுக்காரியின் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

அதற்குள் குழந்தை எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினாள். தாய் குனிந்து அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு இரண்டு கைகளாலும் ஏதோ சொன்னாள். மில் சைகை இல்லை, எங்கள் பின்கட்டுச் சைகையும் இல்லை. பள்ளியில் மகளிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது. நிறுத்தி, யோசித்து, தப்பாகப் போட்டதைத் திருத்தி, நீளமாகச் சொன்னாள். குழந்தை உன்னிப்பாகப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று. தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தாள். திரும்பத் தாயைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள், ஒற்றைக் கையால். தாய் ஆமாம் என்று தலையாட்டினாள்.

“என்னம்மா சொன்ன?” என்று கேட்டேன்.

“அது ஒங்களுக்கு எதுக்கு?” என்றாள். “எங்களுக்குள்ள உள்ளது. நீங்க பஸ்ஸுக்குப் போங்க.”

நான் போனேன். கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தக் கைகள் பேசியது எனக்கு விளங்கியிருக்காது.